ஒரு சிட்டிகை மாசும் ஒளிரும் படிகங்களும்

கைபேசியைத் திருப்பி, கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷை உற்றுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது அது மஞ்சளாகத் தெரியும். எரியும்போது வெள்ளை ஒளி தரும். பழுதான எல்இடி பல்பை ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டு அதன் வெள்ளை மூடியைக் கழற்றினாலும், உள்ளே இருக்கும் தகட்டில் அதே மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். பெரும்பாலான விளக்குகளில் அந்த மஞ்சள், இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த ஒரு படிகத்தின் தூள். அந்தப் படிகம் சுத்தமாக இருந்தால் நிறமே இருக்காது. அரைத்தால் வெறும் வெள்ளைத் தூள்தான். சீரியம் என்ற தனிமத்தை ஓரிரு சதவீதம் அதில் சேர்த்ததால்தான் மஞ்சளும் வந்தது, வெளிச்சமும் வந்தது.

இப்படி வேண்டுமென்றே, அளந்து, மிகக் குறைந்த அளவில் வேறொரு தனிமத்தைப் படிகத்துக்குள் நுழைப்பதைத்தான் மாசூட்டல் என்கிறோம். சிலிக்கானில் பாஸ்பரஸையோ போரானையோ சேர்த்து டயோடு செய்வதைப் பற்றிப் பள்ளி இயற்பியலில் படித்திருப்பீர்கள். அங்கே மாசு மின்சாரம் பாயும் விதத்தை மாற்றுகிறது. அதே வேலையை ஒளிக்காகச் செய்வது அதைவிடப் பழைய கலை. என்னைக் கேட்டால், அதைவிட அழகானதும்கூட.

முதலில் ஒளிர்வு என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். குண்டு பல்பின் இழை ஒளி தருவது சூட்டினால். கொல்லன் உலையில் இரும்பு சிவப்பதும் அப்படித்தான். ஒளிர்வில் சூட்டுக்கு அந்த வேலை இல்லை. பொருள் கைப்பிடிச் சூட்டிலேயே இருக்கும். புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர், எலக்ட்ரான் கற்றை, நீல ஒளி என ஏதோ ஒரு வடிவில் ஆற்றலை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தரும். பொதுவாக, வாங்கியதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஒளியைத்தான் அது தரும். நீலத்தை வாங்கினால் மஞ்சளோ சிவப்போ வரும். மீதி படிகத்துக்குள் வெப்பமாகக் கரைந்துவிடும். 1852ல் இதைத் தெளிவாகச் சொன்னவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

சுத்தமான படிகம் ஏன் ஒளிர்வதில்லை?

தனியாக இருக்கும் அணுவில் எலக்ட்ரான்களுக்கென்று குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்கள் உண்டு. கோடானுகோடி அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகும்போது, அந்த மட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து அகலமான பட்டைகளாகிவிடுகின்றன. கீழே எலக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டை. மேலே காலியாகக் கிடக்கும் கடத்துப் பட்டை. நடுவே, சுத்தமான படிகத்தில் எந்த எலக்ட்ரானும் தங்க முடியாத இடைவெளி.

இந்த இடைவெளியின் அகலம்தான் பல விஷயங்களைத் தீர்மானிக்கிறது. அலுமினியம் ஆக்சைடில் அது ஏறக்குறைய 9 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது). நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானிடம், அதாவது ஒளித்துகளிடம் இருப்பதோ சுமார் 1.8 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரைதான். அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு எந்த எலக்ட்ரானையும் மேலே ஏற்ற முடியாது. அதனால் ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடுகிறது. படிகம் கண்ணாடிபோல நிறமற்று நிற்கிறது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி வலுக்கட்டாயமாக எலக்ட்ரான்களை மேலே அனுப்பினாலும் பெரிய பயன் இல்லை. திரும்பி வரும்போது அவை தரும் ஆற்றல் அணுக்களின் அதிர்வாக, அதாவது வெப்பமாகப் போய்விடும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவாக வெளியேறும்.

மாசு அணு இந்த இடைவெளிக்குள் தனக்கென்று சில மட்டங்களைக் கொண்டுவருகிறது. படியே இல்லாத மாடிக்கு நடுவே இரண்டு மூன்று படிகள் வைத்ததுபோல ஆகிவிடுகிறது. முழு உயரத்தையும் ஒரே தாவலில் தாண்டத் தேவையில்லை. படிக்குப் படி ஏறலாம், இறங்கலாம். இரண்டு படிகளுக்கு இடையே உள்ள உயரம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றலுக்குச் சமமாக அமைந்தால், இறங்கும் எலக்ட்ரான் அந்த நிறத்தில் ஒளியைத் தரும்.

ஒளிர எல்லாப் படிகத்துக்கும் மாசு வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கால்சியம் டங்ஸ்டேட் எந்தக் கலப்பும் இல்லாமலே புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் நீலமாக ஒளிரும். பல பத்தாண்டுகள் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் திரைகளில் அதுதான் இருந்தது. அங்கே ஒளிர்வது படிகத்தின் சொந்த டங்ஸ்டேட் தொகுதி. ஆனால் இன்று நம்மைச் சுற்றியிருக்கும் ஒளிரும் படிகங்களில் பெரும்பாலானவை மாசினால் ஒளிர்பவைதான்.

மாணிக்கத்துக்குள் மூன்று அணுக்கள்

இதற்கு மாணிக்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மாணிக்கமும் குருந்தம்தான், அதாவது அலுமினியம் ஆக்சைடு. சுத்தமான குருந்தத்துக்கு நிறம் கிடையாது. அதில் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் குரோமியம் உட்கார்ந்துவிட்டால் அது மாணிக்கம். இரண்டுமே மும்மடங்கு நேர்மின்சுமை கொண்ட அயனிகளாக அமர்வதால் கணக்கு இடிப்பதில்லை. குரோமியம் கொஞ்சம் பருத்தது: அலுமினிய அயனியின் ஆரம் 0.0535 நானோமீட்டர், குரோமியத்துக்கு 0.0615. அந்த நெருக்கடியோடுதான் ஆறு ஆக்சிஜன் அயனிகளுக்கு நடுவே அது அமர்கிறது.

சுற்றியுள்ள ஆக்சிஜன்களின் எதிர்மின்சுமை குரோமியத்தின் வெளி எலக்ட்ரான்களை அழுத்தி, அவற்றின் மட்டங்களைப் பிரிக்கிறது. இப்படிப் பிரிந்த மட்டங்கள் ஊதா ஒளியையும் மஞ்சள் கலந்த பச்சை ஒளியையும் விழுங்கிக்கொள்கின்றன. சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது. கல்லின் நிறத்துக்கு இது ஒரு பாதிக் காரணம். ஒளியை விழுங்கி மேலே போன எலக்ட்ரான் கணநேரத்தில் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழந்து, இன்னொரு மட்டத்துக்கு இறங்கி அங்கே நிற்கிறது. அணு உலகின் கணக்கில் அது நீண்ட நேரம்: மூன்று நான்கு மில்லி விநாடி. பிறகு அடிநிலைக்கு இறங்கும்போது 694 நானோமீட்டர் அலைநீளத்தில் அடர்சிவப்பு ஒளி பிறக்கிறது. ஆக நல்ல மாணிக்கம் வெயிலில் சிவப்பை ஊடுருவவிடுவதோடு நிற்பதில்லை. தானும் சிவப்பாக ஒளிர்கிறது. உள்ளே நெருப்பு இருப்பதுபோல என்று பழைய ரத்தின வியாபாரிகள் வியந்ததில் உண்மை இருக்கிறது.

புற ஊதா டார்ச்சை இருட்டில் மாணிக்கத்தின் மேல் அடித்தால் இதை நேரடியாகப் பார்க்கலாம். சிவப்புக் கண்ணாடி இப்படி ஒளிராது. ஆனால் 'ஒளிர்கிறது, அதனால் இது பூமியில் கிடைத்த அசல் கல்' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஆலையில் செய்த மாணிக்கமும் ஒளிரும், பல நேரங்களில் இயற்கைக் கல்லைவிடப் பிரகாசமாகவே ஒளிரும். அதில் இரும்பு இல்லை என்பதே காரணம். அதைப் பிறகு பார்ப்போம்.

தேவையான குரோமியத்தின் அளவுதான் என்னை எப்போதும் வியக்கவைப்பது. 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில் ஹ்யூஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை இயக்கினார். அவர் பயன்படுத்தியது மாணிக்கப் படிகம். இத்தகைய லேசர் மாணிக்கம் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அதில் எடையில் சுமார் 0.05 சதவீதம்தான் குரோமியம் ஆக்சைடு. பத்தாயிரம் அலுமினிய இடங்களை எண்ணினால் அவற்றில் மூன்றில்தான் குரோமியம் இருக்கும். மற்றவை எல்லாம் அந்த மூன்றைத் தாங்கி நிற்கும் சட்டகம்.

இவ்வளவு குறைவாக இருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்கவும் காலம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒளிர்வை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி எட்மண்ட் பெக்கரல். கதிரியக்கத்தைக் கண்டுபிடித்த ஹென்றி பெக்கரலின் தந்தை. அலுமினியம் ஆக்சைடின் சிவப்பு ஒளிர்வு அந்தப் பொருளுக்கே உரிய குணம் என்பது அவர் கருத்து. காலியத்தைக் கண்டுபிடித்த லெகோக் த புவாபோத்ரான் 1880களில் அதை மறுத்தார். நன்றாகச் சுத்தம் செய்த அலுமினாவில், அதாவது அலுமினியம் ஆக்சைடில், அந்தச் சிவப்பு இல்லை, துளி குரோமியம் சேர்த்தால் வந்துவிடுகிறது என்று காட்டினார். அதே காலத்தில் ஒகுஸ்ட் வெர்னாய் கால்சியம் சல்ஃபைடை எடுத்து, அதன் ஊதா ஒளிர்வுக்குக் காரணம் அதில் இருக்கும் சொற்ப பிஸ்மத்துதான் என்று நிறுவினார். பின்னாளில் தூளைச் சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையை உலகுக்குத் தந்தவரும் அதே வெர்னாய்தான். எந்த மாசு எதைச் செய்யும் என்று தெரிந்தவர் கையில் அந்த முறை உருவானது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிறத்தை மாற்றுவது எது?

ஒரே படிகத்தில் மாசை மாற்றினால் நிறம் மாறும். துத்தநாக சல்ஃபைடு இதற்குத் தெளிவான சாட்சி. வெள்ளியைச் சேர்த்தால் நீலம், தாமிரம் சேர்த்தால் பச்சை, மாங்கனீசு சேர்த்தால் ஆரஞ்சு. வீட்டில் பெட்டி பெட்டியாக இருந்த பழைய கலர் டிவிகளின் திரைக்குப் பின்னால் நீலத்தைத் தந்தது வெள்ளி கலந்த இந்தத் தூள்தான். பச்சைக்குத் தாமிரம் கலந்தது. சேர்க்கும் அளவு லட்சத்தில் சில பங்கு முதல் பத்தாயிரத்தில் சில பங்கு வரைதான் இருக்கும்.

இன்னும் சுவையானது, மாசு ஒன்றாகவே இருந்து படிகம் மாறும்போது நடப்பது. நம் எல்இடியின் சீரியத்தையே எடுத்துக்கொள்வோம். லாந்தனம் பாஸ்பேட் படிகத்தில் சீரியம் உமிழ்வது புற ஊதாவை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதையே எல்இடியில் இருக்கும் இட்ரியம் அலுமினியம் கார்னெட் படிகத்தில் வைத்தால் பளிச்சென்று மஞ்சள். காரணம், கிளர்ச்சியடைந்த சீரியத்தின் எலக்ட்ரான் போய் நிற்கும் சுற்றுப்பாதை அயனியின் வெளிப்புறத்தில் இருக்கிறது. சுற்றியிருக்கும் ஆக்சிஜன்கள் எவ்வளவு நெருக்கமாக, எந்த அமைப்பில் நிற்கின்றன என்பது அதை நேரடியாகத் தாக்குகிறது. கார்னெட்டில் சீரியம் அமர்வது இட்ரியத்தின் இடத்தில். அந்த இடம் அதற்குச் சிறியது. நெருக்கடி அதிகமானதால் மட்டங்கள் வெகுவாகப் பிரிந்து, மிகக் கீழான கிளர்ச்சி மட்டம் தாழ்ந்துவிடுகிறது. அடிநிலைக்கும் அதற்கும் உள்ள தூரம் சுருங்கியதால் ஒளி மஞ்சளுக்கு நகர்ந்துவிட்டது.

இந்தத் தூள் 450 நானோமீட்டர் அருகே உள்ள நீலத்தை நன்றாக விழுங்கும் என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. 1990களில் ஜப்பானில் பிரகாசமான நீல எல்இடி வந்தபோது, அதன் மேல் இந்தத் தூளைப் பூசினால் போதும் என்று ஆகிவிட்டது. நீலத்தில் ஒரு பகுதி தப்பி வெளியே வருகிறது. மறுபகுதி மஞ்சளாக மாறுகிறது. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளை. 2014ல் இயற்பியல் நோபல் பரிசு நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் கிடைத்தது. தகுதியானவர்கள்தான். ஆனால் அந்த நீலத்தை வீட்டு விளக்காக்கிய சீரியத்தை யாரும் நினைவுகூர்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை. கார்னெட்டில் இட்ரியத்துக்குப் பதில் கொஞ்சம் கடோலினியம் சேர்த்தால் மஞ்சள் சிவப்புப் பக்கம் நகரும். அலுமினியத்துக்குப் பதில் காலியம் சேர்த்தால் பச்சைப் பக்கம் போகும். மாசைத் தொடாமல் அதன் சுற்றுப்புறத்தை மட்டும் மாற்றி நிறத்தை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோக முடிகிறது.

மாசு அயனியின் மின்சுமையும் முக்கியம். யூரோப்பியம் மும்மடங்கு மின்சுமையோடு இருந்தால் அதன் ஒளிரும் எலக்ட்ரான்கள் உள் ஓட்டில் மறைந்திருக்கும். எந்தப் படிகத்தில் வைத்தாலும் பெரும்பாலும் சிவப்பைத்தான் தரும். இட்ரியம் ஆக்சைடில் அது 611 நானோமீட்டரில் கூர்மையான சிவப்பு. அதே யூரோப்பியம் இருமடங்கு மின்சுமையோடு இருந்தால் சீரியத்தைப்போலச் சுற்றுப்புறத்துக்கு வளைந்து கொடுக்கும்: ஒரு படிகத்தில் நீலம், இன்னொன்றில் பச்சை, வேறொன்றில் சிவப்பு. எந்த மின்சுமையோடு அது அமரும் என்பதைத் தீர்மானிப்பதில் உலைக்குப் பெரும் பங்கு உண்டு. மூலப்பொருள்களை அரைத்து, அலுமினா மூசையில் கொட்டி, 1,500 டிகிரி அளவில் சுடுவது வழக்கம். உலைக்குள் வெறும் காற்று இருந்தால் ஒரு விளைவு, சிறிது ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனைச் செலுத்தினால் வேறு விளைவு. சீரியத்திலும் இந்தக் கவனம் வேண்டும். நான்மடங்கு மின்சுமைக்குப் போய்விட்டால் ஒளிர வேண்டிய எலக்ட்ரானே அதனிடம் இருக்காது.

சில நேரம் ஒரு மாசு போதாது; இரண்டு தேவைப்படும். டியூப்லைட்டிலும் சிஎஃப்எல்லிலும் பாதரச ஆவி தருவது 254 நானோமீட்டர் புற ஊதா. டெர்பியம் அழகான பச்சை தரும், ஆனால் லாந்தனம் பாஸ்பேட்டில் இந்தப் புற ஊதாவை அது சரியாக வாங்கிக்கொள்ளாது. கூடவே சீரியத்தையும் சேர்க்கிறார்கள். சீரியம் புற ஊதாவை வாங்கி, தான் ஒளிராமல், பக்கத்தில் உள்ள டெர்பியத்துக்குத் தந்துவிடுகிறது. பச்சை ஒளி டெர்பியத்திலிருந்து வருகிறது.

அதிகமானால் அணைந்துவிடும்

கொஞ்சம் சேர்த்தால் ஒளிர்கிறது என்றால் நிறையச் சேர்த்தால் இன்னும் ஒளிருமே என்று எல்லோருக்கும் தோன்றும். ஓர் எல்லை வரைதான் அது சரி. மாசு அயனிகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும்போது, வாங்கிய ஆற்றலை ஒவ்வொன்றும் தானே ஒளியாக்குகிறது. எண்ணிக்கை கூடக் கூட இடைவெளி குறைகிறது. அப்போது ஓர் அயனி ஆற்றலை ஒளியாக விடாமல் பக்கத்து அயனிக்குக் கைமாற்றிவிடும், அது அடுத்ததற்கு. இப்படிக் கைமாறிப் போகும் வழியில் எங்காவது ஒரு படிகக் குறையோ வேண்டாத அணுவோ எதிர்ப்பட்டால் ஆற்றல் அங்கே வெப்பமாக முடிந்துவிடும். செறிவு கூடியதால் ஒளிர்வு தணிவது என்று இதைச் சொல்வார்கள். மாணிக்கத்தில் குரோமியத்தைச் சில சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ஒளிர்வு மங்கிக்கொண்டே போகும். இன்னும் ஏற்றிக்கொண்டே போனால் சிவப்பு மாறிச் சாம்பலாகி, கடைசியில் பச்சையாகிவிடும். முழுக்கக் குரோமியம் ஆக்சைடாக இருப்பது பச்சை நிறமிதான், மாணிக்கத்தின் ஒளிர்வு அதில் இல்லை.

ஒளியைக் கெடுக்கவே பிறந்த மாசுகளும் உண்டு. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் துத்தநாக சல்ஃபைடு செய்பவர்களுக்குப் பரம எதிரிகள். பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே ஒளிர்வு குறையத் தொடங்கும். அவை தரும் மட்டங்கள் ஆற்றலை வாங்கி ஒளியில்லாமல் வெப்பமாக இறக்கிவிடுகின்றன. பர்மாவின் மோகோக் மாணிக்கம் ஒளிர்வதும், தாய்லாந்து மாணிக்கம் மந்தமாகத் தெரிவதும் இதனால்தான். மோகோக் கற்கள் இரும்பு குறைந்த சலவைக்கல் பாறையில் பிறந்தவை. தாய்லாந்துக் கற்களோ பசால்ட் எரிமலைப் பாறையோடு வந்தவை, இரும்பு மிகுந்தவை. குரோமியம் இரண்டிலும் இருக்கிறது. உடன் வந்த இரும்புதான் விலையையும் மாற்றிவிட்டது.

ஆகவே ஒளிரும் தூள் செய்பவரின் வேலையில் பாதி, மூலப்பொருளைக் கடுமையாகச் சுத்தப்படுத்துவது. மற்ற பாதி, சுத்தப்படுத்தியதில் சரியான மாசைச் சரியான அளவில் சேர்ப்பது. சூட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெப்பநிலை ஏற ஏறப் படிகத்தின் அதிர்வு கூடி, எலக்ட்ரான் ஒளி தராமலே இறங்கும் வாய்ப்பும் கூடும்.

பிடித்துவைக்கும் மாசு

இதுவரை சொன்னவை ஆற்றலை வாங்கியவுடன் தந்துவிடும் மாசுகள். கடிகார முள்ளிலும், அவசர வழி பலகையிலும், குழந்தைகள் அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திரத்திலும் விளக்கை அணைத்த பிறகும் பச்சை வெளிச்சம் நிற்கிறது அல்லவா? அங்கே எலக்ட்ரானைப் பிடித்துவைக்கும் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் யூரோப்பியம் ஒளிரும் மையம். கூடவே சேர்க்கும் டிஸ்புரோசியம், கடத்துப் பட்டைக்குச் சற்றுக் கீழே பொறிகள் உருவாகத் துணை நிற்கிறது. மேலே போன எலக்ட்ரான் பொறியில் மாட்டிக்கொள்ளும். அறை வெப்பத்தின் அதிர்வு அதை மெல்ல மெல்ல விடுவிக்கும். விடுபட்டது யூரோப்பியத்துக்கு வந்து 520 நானோமீட்டர் அருகே பச்சையாக ஒளிரும். 1990களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் கொண்டுவந்த இந்தக் கலவை, தாமிரம் கலந்த பழைய துத்தநாக சல்ஃபைடைவிடப் பல மடங்கு நேரம் ஒளிரும். இரவு முழுக்க மங்கலாகவாவது தெரியும்.

பொறி இன்னும் ஆழமாக இருந்தால் அறை வெப்பத்தால் எலக்ட்ரானை விடுவிக்க முடியாது. அது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். இதைத்தான் கதிர்வீச்சை அளக்கப் பயன்படுத்துகிறார்கள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர் சட்டையில் ஒரு சிறிய அட்டை மாட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய அந்த டிஎல்டி (சூடாக்கி ஒளிரவைத்துக் கதிர்வீச்சை அளக்கும்) அட்டைக்குள் இருப்பவை, டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட்டை டெஃப்லானில் பதித்த மூன்று வட்ட வில்லைகள். கதிர்வீச்சு பட்ட அளவுக்கு எலக்ட்ரான்கள் பொறியில் சேரும். குறிப்பிட்ட காலம் முடிந்ததும் அட்டையை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வில்லையை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு, டிஸ்புரோசியம் ஒளிரும். வரும் ஒளியின் அளவை எண்ணினால் அந்த ஊழியர் வாங்கிய கதிர்வீச்சின் அளவு தெரிந்துவிடும். பிறகு வில்லையை மீண்டும் நன்றாகச் சூடாக்கி, மிச்சம் இருக்கும் எலக்ட்ரான்களையும் வெளியேற்றி, அடுத்த சுற்றுக்கு அட்டையில் வைத்து அனுப்பிவிடுவார்கள்.